விசில் ஊதவே பிடிக்கவில்லை: விளையாட்டு ஊழியத்தில் சோர்வு

கடலோரக் கோச்:
தரங்கம்பாடியிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் கிராமம். சபைக்குப் பின்னால் இருக்கிற திடலில் பிள்ளைகளுக்கு வாலிபால் சொல்லிக்கொடுக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் வட்டமாக உட்கார்ந்து ஒரு வசனம், ஒரு ஜெபம், அப்புறம் சுண்டல். முன்பெல்லாம் தூறினாலும் திடலில் நிற்பேன். இப்போது சாயங்காலம் நாலு மணி ஆனாலே எரிச்சல். ஒரு பையன் சர்வீஸை நெட்டில் அடித்தால் சுள்ளென்று கோபம் வருகிறது. வாய் ஜெபம் சொல்கிறது, மனசு சுண்டல் கணக்குப் போடுகிறது. ஞாயிறு காலை ஆராதனையில் கீபோர்டு, மாலையில் மேட்ச். எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் சொன்னால், "இன்னும் ஜெபியுங்க தம்பி" என்கிறார். இது விசுவாசக் குறைவா, உடம்புக் கோளாறா?

மன்னார்குடி பி.டி. மாஸ்டர் (ஓய்வு):
தம்பி, விசுவாசத்தை ஏன் இழுக்கிறீர்கள்? இதற்கு 'பர்ன்அவுட்', வேலைச் சோர்வு என்று பேர்; உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று சொல்லாமல், வேலையால் வருகிற நிலை என்றுதான் வகைப்படுத்தியது. தீராத அசதி, செய்கிற வேலைமேல் வெறுப்பு, நம்மால் ஒன்றும் ஆகவில்லை என்ற எண்ணம், இவைதான் அடையாளம். வெறுப்பு உங்களிடம் நன்றாகவே தெரிகிறது. சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாகக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கமா செய்தான்? அடையும் தண்ணீரும் கொடுத்தான். சாப்பிட்டு மறுபடி படுத்தார், அதற்கும் திட்டவில்லை.

குத்தாலம் கபடி அக்கா:
சார் சொல்வது சரி. ஆனால் தம்பி, முதலில் டாக்டரைப் பார்த்து ரத்தம் கொடுங்கள். ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு. எரிக் லிடெல் தெரியும்தானே? 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிறு ஓடமாட்டேன் என்று 100 மீட்டரை விட்டுவிட்டு, 400 மீட்டரில் தங்கம் வாங்கியவர். பிறகு சீனாவில் மிஷனரி. ஜப்பானியர் அடைத்து வைத்த முகாமிலும் பிள்ளைகளுக்கு விளையாட்டு நடத்தினார். அங்கே தலைவலியும் மனச்சோர்வும் வந்தபோது, வேலை மிஞ்சி நரம்பு தளர்ந்துவிட்டது என்றே நினைத்தார்கள். 1945 பிப்ரவரியில் இறந்த பிறகுதான் மூளையில் கட்டி இருந்தது தெரிந்தது. பயமுறுத்தவில்லை. 'ஊழியச் சோர்வு' என்று நாமே பேர் வைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரிப் பக்கம் போகத் தோன்றாது.

மேட்சைச் சனிக்கிழமைக்கு மாற்றுங்கள். பெரிய பையன்களிடம் விசிலைக் கொடுங்கள். எல்லாப் பாரத்தையும் தனியாகச் சுமக்காதே, ஆட்களிடம் பிரித்துக் கொடு என்று வேதத்தில் மோசேக்கு மாமனார் எத்திரோ சொன்னதும் இதுதான். எங்கள் பெண்கள் அணியைப் பழைய ஆட்டக்காரிகளே நடத்துகிறார்கள். சுண்ணாம்புக் கோடு கோணலாகத்தான் போடுவார்கள். பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதுதான் கஷ்டம்!

திருவாரூர் வாலிபர் சங்கம்:
ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் திடலெல்லாம் சேறு. மழையே லீவு விடுகிறது, நாம்தான் எடுத்துக்கொள்வதில்லை. நாங்களும் அந்த இரண்டு மாசத்தில் கேரம், வேத வினாடி வினா என்று ஏதாவது நடத்திக்கொண்டிருந்தோம். போன வருஷம் எல்லாவற்றையும் நிறுத்தினோம். தை பிறந்ததும் பையன்களே கம்பம் நட்டு நெட் கட்டிவிட்டார்கள்.

கடலோரக் கோச்:
டாக்டருக்கு டோக்கன் போட்டுவிட்டேன் அக்கா. மாஸ்டர், எங்கள் ஐயர் மன்னார்குடியில் படித்தவர்தான். எத்திரோ கதையை நான் சொன்னால் எடுபடாது, நீங்கள் ஒரு போன் போடுகிறீர்களா? விசிலுக்குப் பையன்கள் இப்போதே சண்டை. கீபோர்டுக்குத்தான் ஆள் இல்லை.