பி.எம்.எக்ஸ். பந்தயத்தில் மோட்டோ, ஹோல்ஷாட், பெர்ம் என்றால் என்ன?

கேள்வி (சாட்ஸ்வொர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். 12 வயதாகும் என் மகள், பைன்டவுன் பக்கத்தில் உள்ள கிபா கோர்ஜ் தடத்தில் சில மாதங்களாகப் பி.எம்.எக்ஸ். என்னும், மேடும் வளைவுமான தடத்தில் ஓட்டும் சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுத்துவருகிறாள். சென்ற ஞாயிற்றுக்கிழமை முதன்முறையாகப் போட்டியில் கலந்துகொண்டு, மூன்று மோட்டோக்களில் 3, 2, 4 ஆகிய இடங்களைப் பிடித்தாள். அறிவிப்புப் பலகையில் அவள் பெயருக்கு நேராக 9 என்றும் வேறொரு சிறுமியின் பெயருக்கு நேராக 17 என்றும் இருந்ததைக் கண்டு, மகள் பின்தங்கிவிட்டாள் என்று எண்ணி நான் ஆறுதல் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவளோ அடுத்த சுற்றுக்குத் தேர்வாகியிருந்தாள்.

வேலூரில் இருக்கும் என் தாயார் வாரந்தோறும் தொலைபேசியில் பேத்தியின் பந்தயத்தைப் பற்றி ஆவலோடு விசாரிக்கிறார். எனக்கே புரியாததை அவருக்கு எப்படிச் சொல்வது? இந்தச் சொற்களை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (பைன்டவுன்)

வணக்கம் ஐயா. வார இறுதிகளில் தடத்தில் தொண்டராக நிற்பவன் என்ற முறையில் எழுதுகிறேன். மோட்டோ என்பது மோட்டாரைக் குறிப்பதன்று. தகுதிச் சுற்றின் ஓர் ஓட்டத்துக்கு அப்பெயர். 1970களின் தொடக்கத்தில் தெற்குக் கலிஃபோர்னியாவில் மோட்டோகிராஸ் என்னும் மண்தட மோட்டார் சைக்கிள் பந்தயங்களைப் பார்த்த சிறுவர்கள் அதைச் சைக்கிளில் ஓட்டிப் பார்த்ததில் பிறந்த விளையாட்டு இது என்பதால், பல சொற்கள் அங்கிருந்தே வந்தன. ஒவ்வொரு மோட்டோவிலும் பிடித்த இடமே புள்ளி என்பதால், மூன்றையும் கூட்டினால் யாருக்குக் குறைவாக வருகிறதோ அவரே முன்னணியில் இருப்பார். உங்கள் மகளின் 9 நல்ல புள்ளி. அதன்பின் வரும் காலிறுதி, அரையிறுதிகளில் ஒரே ஓட்டம்தான்; எட்டுப் பேரில் முதல் நால்வர் மேலே செல்வார்கள். இறுதி ஓட்டத்தை மெயின் என்பார்கள்.

இந்தப் பந்தயத்தின் உயிர் தொடக்கத்தில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 300 முதல் 400 மீட்டர் வரையுள்ள தடத்தை ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். தொடக்கத்தில் இழந்ததை மீட்க இடமே இருப்பதில்லை. மேட்டின் உச்சியில் எட்டுப் பேர் வரிசையாக நிற்க, 'ரைடர்ஸ் ரெடி, வாட்ச் த கேட்' என்ற பதிவுக்குரல் ஒலிக்கும். அதற்குப் பிறகு 0.1 முதல் 2.7 நொடி வரை, முன்கூட்டி ஊகிக்கவே முடியாத ஓர் இடைவெளி உண்டு. பிறகு விளக்குகளும் ஒலிகளும் வர, சக்கரங்களைத் தடுத்து நிற்கும் கேட் முன்பக்கமாகச் சாய்ந்து விழும். அந்தக் கணத்தில் எடுக்கும் வெடிப்பான முதல் மிதிதான் ஸ்னாப். முதல் வளைவுக்குள் யார் முதலில் நுழைகிறாரோ அவர் ஹோல்ஷாட் எடுத்தார் என்பார்கள்.

மறுமொழி 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

2010ஆம் ஆண்டு உலகச் சாம்பியன் போட்டி எங்கள் ஊரில் நடந்தது. ஆண்கள் பிரிவில் லாட்வியாவின் மாரிஸ் ஸ்ட்ரோம்பெர்க்ஸும் பெண்கள் பிரிவில் பிரிட்டனின் ஷனாஸ் ரீடும் வென்றார்கள். இந்த விளையாட்டு முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 2008 பெய்ஜிங் போட்டியிலும் தங்கம் வென்றவர் அதே ஸ்ட்ரோம்பெர்க்ஸ்தான். நம் தென்னாப்பிரிக்காவின் சிஃபிசோ நஹ்லபோவும் பெய்ஜிங்கில் ஓட்டினார்.

பெர்ம் என்பது வெளிப்புறம் உயர்ந்து சரிந்திருக்கும் வளைவு. வேகத்தைக் குறைக்காமல் திரும்புவதற்கு அந்தச் சரிவு உதவுகிறது. அதில் மேலே ஏறி நுழைந்து, கீழே இறங்கி வெளியேறி, முன்னால் செல்பவரை உட்புறமாக முந்துவது உண்டு. அதை ஹை-லோ என்கிறார்கள். டேபிள்டாப் என்ற தாண்டும் மேட்டின் உச்சி தட்டையாக இருப்பதால், முழுத் தொலைவும் தாண்டாவிட்டாலும் ஆபத்து குறைவு. டபுள் என்ற இரட்டை மேட்டில் இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளம் இருக்கும். அதைத் தாண்டும் பயிற்சியை அவசரப்படுத்த வேண்டாம் என்று ஒரு தாயாக வேண்டிக்கொள்கிறேன்.

மறுமொழி 3 (ஃபீனிக்ஸ், டர்பன்)

மாலை வகுப்பில் தமிழ் கற்பிப்பவள் நான். எல்லாச் சொல்லையும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கேட் என்பதை வாயில் என்று சொன்னால் உங்கள் தாயார் வீட்டு வாசலை நினைப்பார். 'விழும் தடுப்பு' என்றால் உடனே விளங்கும். பெர்ம், கரை கட்டிய வளைவு. மோட்டோவை மோட்டோ என்றே விட்டுவிடலாம். ஆனால் பம்ப் என்பதற்குத் தமிழில் உந்துதல் என்ற மிகப் பொருத்தமான சொல் உண்டு. அடுத்தடுத்து வரும் சிறுமேடுகளில் மிதிக்காமலேயே, இறங்கும் சரிவில் கைகால்களால் சைக்கிளை அழுத்தி வேகம் சேர்ப்பதுதான் பம்ப். ஊஞ்சலில் உந்துவதும் அதுவேயல்லவா? அந்த மேடுகளின்மேல் முன்சக்கரத்தைத் தூக்கி, பின்சக்கரத்தில் மட்டும் உருண்டு செல்வது மேனுவல்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினேன். உந்துதலைச் சொன்னவுடனே அவருக்குப் புரிந்துவிட்டது. தடுப்பு விழும்வரை பேத்தி ஒரு காலைத் தரையில் ஊன்றியிருப்பாளா என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுமொழி 1 (பைன்டவுன்)

பழகும்வரை சில குழந்தைகள் ஊன்றிக்கொள்வார்கள் ஐயா. பழகியபின் முன்சக்கரத்தைத் தடுப்பில் அழுத்திச் சாய்த்து, இரண்டு கால்களையும் சமமட்டத்தில் உள்ள மிதிகளின்மேல் வைத்து, எழுந்து நின்றபடியே அசையாமல் காத்திருப்பார்கள். உங்கள் மகள் சென்ற வாரமே அப்படித்தான் நின்றாள்.