ஷெட்டுக்கு அடியில் அறை தோண்டலாமா?

உச்சிப்புளிக்காரன்: லோடு ஆட்டோ ஷெட்டுக்கு அடியில, வலையும் என்ஜினும் வைக்க 4 அடி ஆழத்துல அறை போடலாம்னு இருக்கேன். மணல் தரைதான். சித்திரையில தோண்டினேன், ஈரமே இல்ல.

மண்டபம் கொத்தனார்: சித்திரையை நம்பாதீங்க தம்பி. கார்த்திகை மழையில நிலத்தடித் தண்ணி மேல ஏறும், அப்ப அதே குழியைப் பாருங்க. எங்க அண்ணன் வீட்டுல மண்ணுக்குள்ள இருந்த காலித்தொட்டியே ஒரு பக்கம் தூக்கிக்கிச்சு. அறையோட அடித்தரையை விட 1 மீட்டர் உசரத்துக்குச் சுத்தி மண்ணுல தண்ணி நின்னா, அது அடித்தரையைச் சதுர மீட்டருக்கு 1 டன் கணக்குல கீழிருந்து தூக்கும். அரையடி கான்கிரீட் அதுல பாதி எடைகூட வராது.

உச்சிப்புளிக்காரன்: வாட்டர்ப்ரூஃப் பூசினா?

கீழக்கரை: பூச்சு கசிவைத்தான் நிறுத்தும், தள்ளுறதை இல்ல. உப்புத்தண்ணி கம்பியையும் அரிக்கும். எங்க கொல்லைத் தொட்டியில துருப்பிடிச்ச கம்பி ஊதி, சிமெண்ட் பாளம்பாளமா உதிருது. பேசாம தரையை 2 அடி ஏத்தி, வலைக்குப் பரண் போடுங்க.

உச்சிப்புளிக்காரன்: சரிண்ணே. தோண்டின குழியில தென்னம்பிள்ளை வச்சிடறேன்.