கலங்கல் பீரில் மணப்பது மலைவாழையா, தாட்பூட் பழமா?

கோத்தகிரிக்காரன்: பெங்களூரு நண்பர் கொண்டுவந்த கலங்கல் டபுள் ஐ.பி.ஏ. என்கிற ஸ்ட்ராங் பீர் மலைவாழை மாதிரி மணக்கிறது என்று தாண்டிக்குடித் தம்பி நேற்று எழுதியதைப் படித்ததில் இருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. அது தாட்பூட் பழம், வெளியூர்க்காரர்களுக்கு பேஷன் ஃப்ரூட். எங்கள் வேலியில் தொங்குவதைப் பிளந்தால் வருகிற அதே புளிப்பு வாசனை. பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுக்கிற ஹாப்ஸ் பூவில் சிட்ரா, மொசைக் வகைகளைப் போட்டால் அப்படித்தான் மணக்கும். வாழை வாசனை ஈஸ்ட் கொடுப்பது, அதை ஜெர்மன் கோதுமை பீரில் போய்த் தேடுங்கள்.

தாண்டிக்குடியான்: வாழைத்தோப்பில் வளர்ந்தவனுக்கு வாழை தெரியாதா அண்ணே? எங்கள் விருப்பாச்சி மலைவாழைக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. உங்கள் வேலிக்கு இருக்கிறதா?

குன்னூர் டீ: பழம் போட்டுத்தானே செய்கிறார்கள்? லேபிளில் மாம்பழப் படம் பார்த்தேனே.

கோத்தகிரிக்காரன்: ஒரு பழமும் போடவில்லை. கொதி நின்ற பிறகும் நொதிக்கும்போதும் ஹாப்ஸை அள்ளிக் கொட்டுவார்கள், அதனால் கசப்பு அதிகம் இறங்காமல் வாசனை தூக்கலாக நிற்கும். ஓட்ஸும் கோதுமையும் சேர்வதால் கலங்கலும் அந்த வழவழப்பும், 8 சதவீத ஆல்கஹால் இருப்பதே நாக்குக்குத் தெரியாது. அதெல்லாம் இருக்கட்டும். தாட்பூட்தான்.

பெருமாள்மலை: 8 சதவீதம் உள்ளே போனால் சாம்பிராணிகூட மணக்கும். தம்பி எவர்சில்வர் டம்ளரில் ஊற்றிக் குடித்தாராம், அதை ஏன் யாரும் கேட்கவில்லை?

தாண்டிக்குடியான்: டம்ளருக்கு என்ன குறை? அமெரிக்காவில் வெர்மாண்ட்காரர்கள் செய்கிற ஹெடி டாப்பர் பீர் டப்பாவில் ‘டப்பாவிலேயே குடி’ என்று அச்சடித்தே விற்கிறார்கள், அலுமினியத்தில் குடிக்கலாம், எவர்சில்வரில் கூடாதா?

கோத்தகிரிக்காரன்: காலையில் அதே டம்ளரில் காபி குடித்திருப்பீர்கள். போதாததற்கு நீங்கள் குடித்த டப்பா வத்தலக்குண்டு வெயிலில் பஸ்ஸில் வெந்து வந்தது. இந்த வகை பீர் சூடு பட்டால் பழ வாசனை ஓடிப்போய் நனைந்த அட்டை வாசனை வரும். தம்பி மூக்குக்கு அட்டையும் வாழைதான் போல.

பெருமாள்மலை: போன சீசனில் எங்கள் கொடைக்கானல் பிளம்ஸைப் புளியங்காய் என்று சொன்ன மூக்குதானே இது?

கோத்தகிரிக்காரன்: புளித்தது, சொன்னேன். இப்போதும் சொல்வேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? தாட்பூட், தாட்பூட், தாட்பூட்.

தாண்டிக்குடியான்: இன்னொரு டப்பா ஃபிரிட்ஜில் இருக்கிறது. ராத்திரி அதே டம்ளரில்தான் குடிப்பேன், மலைவாழை என்றுதான் எழுதுவேன்.

குன்னூர் டீ: அப்போ லேபிளில் மாம்பழம் எதற்கு?