ஆச்சி வீடு (குடும்பக் குழு)

நான்: எல்லாருக்கும் ஒரு சந்தோஷச் செய்தி. உளவியல் பிஎச்டிக்கு இடம் கிடைத்துவிட்டது. கோயம்புத்தூரில். மத்தியானம்தான் மெயில் வந்தது.

சித்தி: ஏட்டி, நிஜமாகவா? எனக்கு இங்கே கை வேலை ஓடவில்லை.

அம்மா: காலையிலிருந்து போனைக் கீழே வைக்கவில்லை இவள். சாயங்காலம் காந்திமதி அம்மன் சன்னதிக்குப் போய்விட்டு வருகிறேன்.

பெரிய மாமா: ரொம்ப சந்தோஷம் மக்கா. போன ரெண்டு தடவையும் இல்லை என்றார்களே. இப்போ மார்க் கூடிவிட்டதா?

நான்: நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வில் மார்க் கொஞ்சம் கூடியது மாமா. ஜேஆர்எஃப் என்கிற ஆராய்ச்சி உதவித்தொகை வரவில்லை, பிஎச்டி சேர்க்கைக்கு மட்டும் தகுதி. இதில் நெட்டுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. முன்னால் ரெண்டு தடவையும் நேர்காணலில்தான் விட்டேன். "மன அழுத்தம் பற்றி ஆய்வு செய்வேன்" என்று பொதுவாகச் சொன்னேன். யாருடைய மன அழுத்தம், எதை வைத்து அளப்பாய் என்று கேட்டார்கள். பதில் இல்லை.

தம்பி: ரெண்டாவது தடவை வந்து மூணு நாள் யாரிடமும் பேசவில்லை அக்கா.

நான்: அதற்கப்புறம்தான் முக்கூடலுக்குப் போனேன். அத்தை, நினைவிருக்கிறதா? நீங்கள் மடியில் சுளவை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தீர்கள். பிஎச்கியூ-9 என்று மனச்சோர்வை அளக்க 9 கேள்விகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. முதல் கேள்வியை உங்களிடம் வாசித்தேன். கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? நீங்கள் கையை நிறுத்தவே இல்லை. "ஆயிரம் பீடி முடித்துக் கடையில் கொடுக்கணும், இதில் ஆர்வத்தை எங்கே பார்க்க? ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, அதைக் கேளு" என்றீர்கள். அந்த 9 கேள்வியில் நெஞ்சுப் படபடப்பு இல்லவே இல்லை அத்தை.

நான்: அதுதான் என் ஆய்வு. பீடி சுற்றும் பெண்கள் மனக் கஷ்டத்தை எந்தச் சொல்லால் சொல்கிறார்கள், அந்தச் சொல் இல்லாத வினாத்தாள் யாரையெல்லாம் தவறவிடுகிறது. இந்தத் தடவை நேர்காணலில் முக்கால்வாசி நேரம் இதைப் பற்றித்தான் பேசினார்கள்.

முக்கூடல் அத்தை: அன்றைக்கு நினைத்ததைச் சொன்னேன் பிள்ளே. அதை நீ இவ்வளவு நாள் மனசில் வைத்திருந்தாயா.

பெரிய மாமா: டாக்டர் ஆனால் மாத்திரை எழுதுவாயா?

நான்: அது வேறு மாமா. மாத்திரை எழுதும் மனநல மருத்துவர் எம்பிபிஎஸ் முடித்து எம்டி படித்தவர். இது ஆராய்ச்சிப் பட்டம். குறைந்தது 3 வருடம்.

அம்மா: செலவுக்கு என்ன செய்யப் போகிறாய்?

நான்: மறுபடி நெட் எழுதுவேன் அம்மா. ஜேஆர்எஃப் வந்தால் முதல் 2 வருடம் மாதம் 37,000. அதுவரைக்கும் டியூஷனை விடமாட்டேன்.

பெரிய மாமா: ஹாஸ்டல் பணத்தைப் பற்றி யோசிக்காதே. நான் பார்த்துக்கொள்கிறேன்.

முக்கூடல் அத்தை: எங்கள் தெருவில் அஞ்சு பேரிடம் சொல்லி வைக்கட்டுமா? ஞாயிற்றுக்கிழமை வந்து கேட்டுக்கோ.

நான்: இப்போது முடியாது அத்தை. நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகுதான் யாரிடமும் கேட்கலாம். அதுவும் அவர்களாக விருப்பப்பட்டு, கையெழுத்துப் போட்ட பிறகு.

முக்கூடல் அத்தை: சரி, கேள்வி வேண்டாம். சும்மா வா. சொதி வைத்து இஞ்சித் துவையல் அரைக்கிறேன்.

நான்: வருகிறேன் அத்தை. பீடிக்கு நூல் நான் கட்டித் தருகிறேன்.