பைபிளுக்குள் ஒரு பம்பர் சீட்டு

திருப்பூர் ஓவர்லாக்:

2023 செப்டம்பரில் கேரளா ஓணம் பம்பர் 25 கோடி நம்ம திருப்பூர்ப் பக்கத்து ஆட்கள் நால்வருக்கு விழுந்ததே, ஞாபகம் இருக்கும். கேரள எல்லையில் இருக்கும் வாளையாரில் வாங்கிய சீட்டு. அந்த வாரம் முழுக்க கம்பெனியில் மெஷின் சத்தத்துக்கு மேல் அந்தப் பேச்சுதான். நான் சின்ன வயதிலிருந்து சபைக்குப் போகிறவன், ஞாயிறு பள்ளியில் வாத்தியாராகவும் இருந்திருக்கிறேன். இருந்தும் ஒரு சனிக்கிழமை சம்பளக் கவர் கைக்கு வந்ததும் வாளையாருக்கு பஸ் ஏறிவிட்டேன். அடுத்த குலுக்கல் பூஜா பம்பர். 12 கோடி, சீட்டு 300 ரூபாய்.

வாங்கி வந்து பைபிளில் 91ஆம் சங்கீதத்தில் வைத்தேன். அப்புறம் ஆரம்பித்தது கணக்கு. விழுந்தால் தசமபாகம், அதாவது சபைக்குக் கொடுக்கும் பத்தில் ஒரு பங்கு, ஒரு கோடியே இருபது லட்சம். அது வரி பிடிப்பதற்கு முன்பா, பின்பா? ஏஜெண்டு கமிஷன் வேறு இருக்கிறது. சபைக்குக் காம்பவுண்டு சுவர், பாஸ்டருக்கு ஒரு கார், பிள்ளைகளுக்கு மாடியில் ஒரு ரூம். எல்லாம் படுத்துக்கொண்டே கட்டி முடித்துவிட்டேன். இவ்வளவு செய்கிறவனுக்கு ஆண்டவர் கொடுக்காமலா போவார் என்று நிஜமாகவே நம்பினேன். வெள்ளிக்கிழமை உபவாசம் வேறு.

ஒரு ராத்திரி குடும்ப ஜெபத்தில் வீட்டுக்காரம்மா பைபிளை விரிக்க, சீட்டு பாயில் விழுந்தது. சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். சீட்டைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, "ஏனுங்க, இது விழலீன்னா ஆண்டவரு நம்மளக் கைவிட்டுட்டாருன்னு ஆயிருமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அன்றைக்குக் கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற இடத்தில் வாய் திக்கிவிட்டது. கேட்பது இன்றைக்கு, காத்திருப்பது நவம்பர் குலுக்கலுக்கு.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள்.

சோமனூர் தறிக்காரர்:

எங்கள் அப்பா கதை 2003க்கு முந்தியது. அந்த ஜனவரியில்தான் தமிழ்நாட்டில் லாட்டரியைத் தடை செய்தார்கள். அதுவரை பஸ் ஸ்டாண்டு என்றால் தலைக்கு மேல் பூட்டான், சிக்கிம், நாகாலாந்து என்று தொங்கும் சீட்டு, காலடியில் கிழித்துப் போட்ட சீட்டு. கூலி வாங்கியதும் அப்பாவுக்கு முதல் செலவு அதுதான். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி, குனிந்து, முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் ஓட்டுவார். அதே கைதான் அங்கே பத்து பத்தாகக் கிழித்துப் போட்டது.

ஆயர் கேட்டபோது அப்பா வசனத்தோடு தயாராக இருந்தார். "சீட்டு மடியிலே போடப்படும், காரியசித்தியோ கர்த்தரால் வரும்", நீதிமொழிகள் 16:33. இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாசுக்குப் பதிலாக மத்தியாவை அப்போஸ்தலராக எடுத்ததும் சீட்டுப் போட்டுத்தானுங்களே என்றார். தமிழில் இது ஒரு வசதி. சீட்டாட்டம், ஏலச்சீட்டு, லாட்டரிச் சீட்டு, பைபிளில் வரும் சீட்டு, எல்லாம் ஒரே சொல். ஆயர் சிரித்துவிட்டு, "அந்தச் சீட்டுக்கு ஒருத்தரும் காசு கட்டலீங்க, யாரு வீட்டு உலையும் கொதிக்காமப் போகலீங்க. அடுத்தவன் பொருளுக்குச் சீட்டுப் போட்ட இடமும் ஒண்ணு இருக்குதுங்க, சிலுவைக்கு அடியில" என்றார். இயேசுவின் அங்கிக்குச் சேவகர்கள் போட்டதைச் சொல்கிறார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மறுவாரமும் வாங்கினார், அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் அவரை நிறுத்தியது அரசாங்கத் தடைதான்.

கருமத்தம்பட்டி அக்கா:

நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் பங்குக் கோயிலில் தம்போலா நடக்கும், காசு கொடுத்து வாங்கிய சீட்டில் நம்பர் அடிக்கும் ஆட்டம், ஃபாதரே நம்பர் வாசிப்பார். எங்கள் மறைக்கல்வி நூலில் 2413ஆம் பத்தி, சீட்டோ பந்தயமோ தன்னளவில் நீதிக்கு விரோதமில்லை என்கிறது. வீட்டுக்கு வேண்டியதையே அது பிடுங்கும்போது தப்பு, அந்த மோகம் ஆளை அடிமையாக்கும் என்றும் சொல்கிறது. இருபது ரூபாய் தம்போலாவைப் பாவக்கணக்கில் எழுத எனக்கு மனசு வரவில்லை.

என் தம்பி கதை வேறு. ஆன்லைன் ரம்மி. சொசைட்டியில் பால் பணம் அம்மா கணக்கில் ஏறிய ராத்திரியே போர்வைக்குள் வெளிச்சம் தெரியும். கேட்டால், "இது அதிர்ஷ்டம் இல்லக்கா, திறமை. ஐகோர்ட்டே சொல்லிருச்சு" என்பான். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியைத் திறமை ஆட்டம் என்று சொன்னது அவனுக்கு வேதவாக்கு. அந்தத் திறமையில் கறவை மாடு இரண்டும் போனது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கே தடைச் சட்டம் கொண்டுவந்தபோது, அம்மா ஜெபமாலை அன்னை கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தார். மாடு கட்டும் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

ஈரோட்டு மருமகள்:

லாட்டரிக்காரரை மட்டும் ஏன் பிடிக்கிறீர்கள்? டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில், வரும் வருஷத்துக்கான வசனம் என்று தட்டிலிருந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோமே, அது என்னவாம்? எங்கள் அத்தை, அதாவது மாமியார், தட்டில் ஓர் அட்டையை எடுத்து மெல்ல ஓரத்தைத் தூக்கிப் பார்ப்பார். ஆசீர்வாதம், பெருக்கம் என்று இருந்தால் ஸ்தோத்திரம். உபத்திரவம், பொறுமை என்று கண்ணில் பட்டால் "ரெண்டு ஒட்டிட்டு வந்துருச்சு கண்ணு" என்று திரும்ப வைத்துவிட்டு வேறு எடுப்பார். உபவாசம், ஜெபம், காணிக்கை எதிலும் குறை வைக்காதவர்.

நான் மட்டும் யோக்கியமா? 2019 கடைசி ராத்திரி எனக்கு வந்தது 121ஆம் சங்கீதம், "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும்" காப்பார் என்ற வசனம். துபாய்க்கு விசா வந்த மாதிரியே துள்ளினேன். மார்ச்சில் ஊரடங்கு. போக்கும் இல்லை, வரத்தும் இல்லை. வசனத்தை நான் ராசிபலன் மாதிரி படித்திருக்கிறேன் என்று உறைக்க ஜூன் ஆகிவிட்டது.

பொள்ளாச்சி:

எல்லாம் சரி, அந்தப் பூஜா பம்பர் என்னாச்சுங்க?

திருப்பூர் ஓவர்லாக்:

விழவில்லை. குலுக்கல் அன்று போனில் மூன்று தடவை பார்த்தேன், பொய் சொல்லவில்லை. மனசு கனத்துத்தான் இருந்தது. வீட்டுக்காரம்மா அந்தச் சீட்டை வாங்கி, நீதிமொழிகள் 30இல் "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்கிற பக்கத்தில் அடையாளத்துக்கு வைத்துவிட்டாள். அங்கேயேதான் இருக்கிறது.

போன வாரம் வீட்டு ஜெபத்துக்கு வந்த பாஸ்டர் கண்ணாடியை மறந்துவிட்டு, பெரிய எழுத்து என்று என் பைபிளை வாங்கினார். சரியாக அந்தப் பக்கம்தான் விரிந்தது. சீட்டை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துத் தேதியைத் தேடினார். "பழசுதானுங்களே?" என்றார்.