மறு: ‘அப்சர்வேஷனல் லேர்னிங்’குக்குத் தமிழ்: கண்டுகற்றல்?

> ‘பார்த்துச் செய்தல்’ போதாதா? எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான் ஐயா. ஆனால் நாம் பெயர் தேடுவது பிறர் செய்வதைக் கவனித்துக் கற்றுக்கொள்வதற்கு. ‘செய்தல்’ வந்ததும் அந்தக் கருத்து நழுவிவிடுகிறது. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1965-இல் வெளியிட்ட பொம்மைச் சோதனையில், பொம்மையை அடித்தவர் தண்டனை வாங்குவதைப் படத்தில் பார்த்த பிள்ளைகள் அவ்வளவாக அடிக்கவில்லை. ‘அவர் செய்ததைச் செய்துகாட்டு, ஸ்டிக்கரும் பழச்சாறும் தருகிறோம்’ என்றதும் செய்துகாட்டினார்கள். கற்றது முன்பே, செய்தது பிறகு. இந்த இடைவெளிக்குத்தானே சொல் தேடுகிறோம்?

என் அம்மா, கடையில் எல்லோரும் க்யூஆர் அட்டையைப் படம்பிடித்துப் பணம் அனுப்புவதை ஓராண்டு பார்த்திருக்கிறார். எதைத் தட்டுவது, எப்போது பின் நம்பர் போடுவது, எல்லாம் தெரியும். கையில் மட்டும் சில்லறை. பக்கத்து வீட்டு அத்தை அனுப்பியதைப் பார்த்த அன்றுதான் “எனக்கும் போட்டுக் குடு” என்றார். (நான் நூறு தடவை சொன்னது கணக்கில் இல்லை.) தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் கண்டால் ‘நம்மாலும் ஆகும்’ என்ற நம்பிக்கை கூடும் என்பது பண்டூரா அழுத்திச் சொன்ன கருத்து. ‘கண் பார்த்தால் கை செய்யும்’ என்கிறோம். அம்மாவின் கைக்கு ஓராண்டு பிடித்தது.

‘போலச்செய்தல்’ வேண்டாம். அதை ரோபோக்காரர்களின் ‘இமிடேஷன் லேர்னிங்’குக்கு (மனிதர் செய்துகாட்டுவதைக் கொண்டு ரோபோவைப் பழக்குவதற்கு) விட்டுவைப்போம். ‘உற்றுநோக்கிக் கற்றல்’ ஆய்வுக்கூட வாடை அடிக்கிறது. 1999-இல் தில்லி கல்காஜியில் கல்வி ஆய்வாளர் சுகதா மித்ரா சுவரில் பதித்த கணினியை ஒரு பிள்ளை இயக்க, சுற்றி நின்றவர்களும் கற்றார்கள். அது உற்றுநோக்கலா, வேடிக்கை பார்த்ததா?

ஆகவே ‘கண்டுகற்றல்’. யாரைப் பார்த்துக் கற்கிறோமோ அவரைக் குறிக்கும் ‘மாடல்’ என்பதற்கு ‘முன்மாதிரி’ ஒத்துவராது. பொம்மையை உதைத்தவர் யாருக்கு முன்மாதிரி? ‘முன்செய்பவர்’ என்று வைத்துப் பார்க்கிறேன்.

---

> ஆகவே ‘கண்டுகற்றல்’.

ஒரு தடை. பார்வையற்ற நண்பர் ஒருவர், பக்கத்து இருக்கைக்காரரின் திரைபடிப்பான் (திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் மென்பொருள்) பேசுவதையும் விசை தட்டும் ஓசையையும் கேட்டே பாதி வேலையைக் கற்றுக்கொண்டார். அவர் ‘கண்டது’ என்ன?

---

நல்ல கேள்வி. ருசி கண்ட பூனை எந்தக் கண்ணால் கண்டது? பலன் கண்டோம், குணம் கண்டது என்கிறோம். ‘காண்’ கண்ணோடு நின்றுவிடுவதில்லை, இருக்கட்டும்.

எனக்கு உறுத்துவது ‘முன்செய்பவர்’தான். ‘செய்துகாட்டுபவர்’ என்றால் காட்டவேண்டும் என்று அவர் நினைத்ததாகிவிடும். பக்கத்து வீட்டு அத்தைக்குத் தான் பாடம் நடத்தியது இன்றுவரை தெரியாது.