கலைச்சொல் தேவை: ‘என்ட்ரஸ்ட்மென்ட்’, வெள்ளிக்கிழமைக்குள்

செ. எழுதியது:

அன்புடையீர், வணக்கம்.

மருத்துவ ஆசிரியர்களுக்கான மதிப்பீட்டுக் கையேட்டின் ஏழாம் இயலில் ஒரே ஒரு சொல்லுக்காக நான்கு நாள்களாக நின்றுகொண்டிருக்கிறேன். மற்றவை ஒருவாறு அமைந்துவிட்டன. மருத்துவத் திறனை மதிப்பிட மில்லர் 1990-இல் முன்வைத்த கூம்பகத்தின் நான்கு படிகளை ‘அறிதல், எவ்வாறென அறிதல், செய்துகாட்டல், செய்தல்’ என்று எழுதிவிட்டேன். வளரறி மதிப்பீடும் தொகுத்தறி மதிப்பீடும் பள்ளி ஆசிரியர்களுக்குப் பழகிய சொற்கள். ஹார்டன் 1975-இல் அறிமுகப்படுத்திய, மணியடித்தால் மாணவர் அடுத்த மேசைக்கு நகரும் தேர்வை, இக்கலைச்சொல் குழுவில் முன்பு நடந்த நெடிய விவாதத்துக்குப் பிறகும் எல்லோரும் ‘ஆஸ்கி’ என்றே அழைப்பதால், நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

இடறுவது ‘என்ட்ரஸ்ட்மென்ட்’. நெதர்லாந்தைச் சேர்ந்த ஓலே டென் காட்டே 2005-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பரவிய கருத்து இது. மாணவரின் திறன்களைத் தனித்தனியே பிரித்து மதிப்பெண் இடுவதோடு நிற்காமல், நோயாளரிடம் நோய் வரலாறு கேட்டுப் பதிவது போன்ற ஒரு முழுப் பணியை எடுத்துக்கொண்டு, அதை இவரிடம் எந்த அளவு மேற்பார்வையோடு விடலாம் என்று ஆசிரியர் முடிவுசெய்ய வேண்டும் என்கிறார். அத்தகைய பணியை ‘என்ட்ரஸ்டபிள் புரொஃபெஷனல் ஆக்டிவிட்டி’, சுருக்கமாக இ.பி.ஏ. என்கிறார்கள். நான் ‘ஒப்படைக்கத்தக்க தொழில்முறைப் பணி’ என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பிய குறிப்பு: ‘இது வீட்டில் எழுதிவரும் ஒப்படைப்பா?’

வெள்ளிக்கிழமை கோப்பு அச்சகத்துக்குப் போக வேண்டும். உதவுங்கள்.

புலவர் அ. எழுதியது:

செ. அம்மையாருக்கு வணக்கம்.

தாங்கள் தேடும் சொல் தெரிந்துவினையாடல் அதிகாரத்தில் காத்திருக்கிறது. ‘இதனை இதனால் இவன்முடிக்கும் என்றாய்ந்து அதனை அவன்கண் விடல்’ என்ற குறளில் ‘இதனை’ என்பது பணி, ‘இதனால்’ என்பது கருவியும் வழியும், ‘இவன்’ என்பவன் மாணவன், ‘ஆய்ந்து’ என்பது மதிப்பீடு, ‘விடல்’ என்பதே தங்கள் என்ட்ரஸ்ட்மென்ட். ஏழு சீருக்குள் முழு இயலும் அடங்கியிருக்க, நாம் ஏன் வெளியே தேட வேண்டும்? பணியை ‘விடுபணி’ எனலாம். வினைத்தொகையாதலால் விட்ட பணி, விடுகின்ற பணி, விடும் பணி என முக்காலத்துக்கும் பொருந்தும். ஒருவருக்கு விட்டாகிவிட்டது, மற்றொருவருக்கு இனிமேல்தான் விட வேண்டும் என்ற நிலை இங்கு உண்மையாகவே இருப்பதால், காலம் கரந்த பெயரெச்சத்தைவிடப் பொருத்தமான வடிவம் வேறு கிடையாது.

மரு. கா. எழுதியது:

புலவர் ஐயாவுக்கு வணக்கம். குறள் பொருந்துகிறது, சொல் பொருந்தவில்லை. மருத்துவமனையில் ‘விட்டுவிட்டார்கள்’ என்றால் அது கைவிட்டதைக் குறிக்கும். ‘விடுபணி’ என்று பலகையில் எழுதினால், விடுபட்டுப்போன பணிகளின் பட்டியல் என்றே மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

‘ஒப்படைப்பு’ வீட்டுப்பாடத்தோடு மட்டும் மோதவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் 2014-இல் வெளியிட்ட இத்தகைய 13 பணிகளுள் எட்டாவது, பணிமுறை மாறும்போது நோயாளரின் பொறுப்பை அடுத்தவரிடம் கொடுப்பதும் வாங்குவதும். அதையும் நாங்கள் ஒப்படைப்பு என்றே சொல்கிறோம். ‘ஒப்படைப்பை ஒப்படைத்தல்’ என்று ஒரு பக்கத்தில் எழுத நேரிடும்.

சொல்லை ஆய்வதற்கு முன் செயலைப் பார்க்கலாம். முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுக்கும் மாணவரின் பக்கத்தில், நானும் கையுறை அணிந்து, கைகளை மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு நிற்பேன். ஊசி முனையை நான் பார்ப்பதில்லை. ஊசியை எடுப்பதற்கு முன் அவர் இடுப்பெலும்பின் மேல்விளிம்பை இரு பக்கமும் தடவி இடத்தைக் குறித்துக்கொள்கிறாரா என்று பார்ப்பேன். அன்று நான் சொல்வது, ‘நீங்களே செய்யுங்கள், நான் இங்கேதான் நிற்கிறேன்.’ சில மாதங்கள் கழித்து, ‘தொடங்குங்கள், தேவைப்பட்டால் கூப்பிடுங்கள், உடனே வருகிறேன்.’ பிறகு, ‘முடித்துவிட்டுச் சொன்னால் போதும்.’ கடைசியில், ‘புதிதாக வந்தவருக்கு நீங்களே சொல்லிக்கொடுங்கள்.’ இவற்றுக்கு முன்னால் வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும் படியையும் சேர்த்தால், டென் காட்டேயின் ஐந்து மேற்பார்வை நிலைகளும் வந்துவிடும்.

இவற்றுள் ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்கு நான் நகர்வது மாணவரின் கை பழகிவிட்டதனால் மட்டும் நிகழ்வதில்லை. இரண்டு முறை தவறினால் மூன்றாம் முறை குத்தாமல் நிறுத்தி என்னைக் கூப்பிடுவாரா, நடந்ததை மறைக்காமல் சொல்வாரா என்பதுதான் என் கணக்கு. ஆய்வுகளும் திறனோடு நேர்மை, பொறுப்புணர்வு, தன் எல்லை அறிதல் ஆகியவற்றைச் சேர்த்தே பேசுகின்றன. ஆகவே வரும் சொல்லில் நம்பிக்கை என்ற பொருள் இருந்தாக வேண்டும்.

வ. எழுதியது:

தேர்வு அளவியல் கற்பிப்பவன் என்ற முறையில் ஒரு வேண்டுகோள்: ‘நம்பகம்’ என்ற சொல்லை மட்டும் தொடாதீர்கள். அது ‘ரிலையபிலிட்டி’க்கு உரியதாகிவிட்டது. இதே கையேட்டின் இரண்டாம் இயலில், வான் டெர் வ்ளூட்டன் 1996-இல் தந்த வாய்பாடு வருகிறது: ஒரு மதிப்பீட்டின் பயன் என்பது நம்பகம், ஏற்புடைமை, கற்றலின்மீதான தாக்கம், பயனாளர் ஏற்பு, செலவு ஆகியவற்றின் பெருக்கம். பத்து ஆசிரியர்கள் பத்து நாள்களில் பார்த்தாலும் மதிப்பெண் ஏறத்தாழ ஒன்றாகவே வருமா என்பது அளவியலின் நம்பகம். இந்தப் பிள்ளையை நம்பி இரவுப் பணியில் தனியே விடலாமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால், ‘நம்பக மதிப்பீட்டின் நம்பகம் குறைவு’ என்று எழுதுவோம். படிப்பவர் கையேட்டை மூடிவிடுவார்.

அந்த வாய்பாட்டைக் கலைச்சொற்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம் என்பது என் நெடுநாள் எண்ணம். கூட்டலாக இருந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும். பெருக்கல் என்பதால், ஏதேனும் ஒன்று சுழியானால் முழுதும் சுழி. தூய்மை எவ்வளவு இருந்தாலும் பயனாளர் ஏற்பு சுழி என்றால் விடை என்ன என்பதைப் புலவர் ஐயாவின் முடிவுக்கே விடுகிறேன்.

புலவர் அ. எழுதியது:

வ. அவர்களின் பெருக்கல் எனக்கும் தெரியும். தூய்மை சுழியானாலும் விடை சுழிதான்.

‘விடுபணி’யைத் திரும்பப் பெறுகிறேன். நம்பிக்கைதான் வேண்டுமென்றால் ‘தேறு’ என்ற வேர் இருக்கிறது. ‘தேறற்க யாரையும் தேராது’ என்பதில் தேர்தல் ஆராய்தலாகவும், தேறுதல் நம்புதலாகவும் நிற்கின்றன. ஆராயாமல் எவரையும் நம்பாதே என்பது பொருள். தேர்வு, தேர்ச்சி, தேறுதல் மூன்றும் ஓரினத்தன என்பது என் துணிபு. இன்றைய வழக்கிலும் மாணவன் தேறுகிறான், நோயாளி உடல் தேறுகிறான், அறிவு தேறுகிறது. கலங்கிய நீரைத் தெளிவிப்பதும் தேற்றாங்கொட்டையே. மாணவன், நோயாளி, ஆசிரியரின் நம்பிக்கை ஆகிய மூன்றையும் ஒரே வேரில் கட்டித் தரும் வாய்ப்பு வேறெந்த மொழிக்குக் கிடைக்கும்? என்ட்ரஸ்ட்மென்ட் ‘தேற்றம்’, இ.பி.ஏ. ‘தேறுபணி’. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால், ‘தேறுப்பணி’ என்று எவரும் எழுதிவிட வேண்டா.

ம. எழுதியது:

ஐயா, தேற்றம் என்றால் பள்ளி முடித்த எவருக்கும் பிதாகரஸ்தான் நினைவுக்கு வருவார். தமிழ் இலக்கணம் படித்தவருக்குத் தேற்ற ஏகாரம். ‘தேறல்’ என்று மாற்றினால் சங்க இலக்கியத்தில் அது கள்ளின் தெளிவு. மாணவருக்குக் கள் கொடுப்பது எந்த இயலிலும் இல்லை.

மேலும், தாங்கள் முதலில் மேற்கோள் காட்டிய தெரிந்துவினையாடல் அதிகாரத்திலேயே ‘அன்பறிவு தேற்றம் அவாவின்மை இந்நான்கும் நன்குடையான் கட்டே தெளிவு’ என்று இருக்கிறது. அங்கே தேற்றம் என்பது பணியை ஏற்பவனிடம் இருக்க வேண்டிய கலங்காத தன்மை. அவன்மீது மற்றவர் வைக்கும் நம்பிக்கைக்குச் சொல் ‘தெளிவு’. தங்கள் சொல் தங்கள் நூலாலேயே மறுபக்கம் போய்விடுகிறது.

நம்பி ஒப்படைத்தலுக்கு ‘அடைக்கலம்’ என்ற நல்ல சொல் உண்டு. கவுந்தியடிகள் மாதரியிடம் கண்ணகியை அடைக்கலமாகத் தந்ததற்குச் சிலம்பில் ஒரு காதையே இருக்கிறது. ஆனால் அந்த அடைக்கலம் எப்படி முடிந்தது என்பதை எண்ணி நானே முன்மொழியத் தயங்குகிறேன்.

மரு. கா. எழுதியது:

ம. அவர்கள் காட்டிய குறளை இன்று மாலை வகுப்பிலேயே சொன்னேன். நான்கு பண்புகளும் ஆய்வாளர்களின் பட்டியலுக்கு எவ்வளவு அருகில் நிற்கின்றன! ஆனால் ‘தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும் தீரா இடும்பை தரும்’ என்பதில் முதற்பாதியை மட்டுமே நான் முழுமையாக ஏற்பேன். எங்கள் தொழிலில் தெளிந்தபின்னும் ஐயுற இடம் வேண்டும்: இன்றைய நோயாளர் குழந்தையாக இருந்தால், நேற்று தனியே விட்டவரின் பக்கத்தில் இன்று நின்றாக வேண்டும். அன்றாடம் படுக்கையருகே எடுக்கும் முடிவு வேறு, பலர் கண்டவற்றைத் தொகுத்து ஒரு குழு முறையாக வழங்கும் அனுமதி வேறு. நமது சொல் இரண்டையும் தாங்க வேண்டும்.

எங்கள் ஓய்வறையில் உண்மையில் வழங்குவது, ‘அந்தப் பையனை நம்பி விடலாம்’ என்பதுதான். ‘நம்பி விடுதல்’ என்றே வைத்தால் என்ன?

செ. எழுதியது:

சொல்லிப் பார்க்க இனிமையாக இருக்கிறது, ஐயா. ஆனால் அச்சில் இடைவெளி ஒன்று தவறினால் ‘நம்பிவிடுதல்’ ஆகிவிடும். முன்னது ஆராய்ந்து அனுப்புவது, பின்னது ஏமாறுவது. என் அச்சகத்தாரின் இடைவெளிகளை நான் நம்பி விட முடியாது.

‘பொறுப்பளிப்பு’, ‘பொறுப்பளிக்கத்தக்க பணி’ என்று தனிமடலில் இருவர் எழுதியிருக்கிறார்கள். வீட்டுப்பாடம், பிதாகரஸ், கள் எதனோடும் மோதவில்லை. புதன் இரவுக்குள் கருத்துச் சொல்லுங்கள்.

வ. எழுதியது:

உடன்படுகிறேன். முதல் இடத்தில் ‘பொறுப்பளிக்கத்தக்க பணி, அதாவது இ.பி.ஏ.’ என்று எழுதி, பிறகு இ.பி.ஏ. என்றே தொடர்ந்தால் போதும்.

மரு. கா. எழுதியது:

தயக்கத்துடன் உடன்படுகிறேன். ‘பொறுப்பு’ என்ற சொல் எனக்கு அச்சம் தருகிறது. ஆசிரியர் பக்கத்தில் நிற்கும் நிலையிலும், கூப்பிட்டால் வரும் நிலையிலும் நோயாளருக்கு விடை சொல்ல வேண்டியவர் ஆசிரியரே. மாணவருக்கு அளிக்கப்படுவது செயல். பொறுப்பே கைமாறிவிட்டது என்று ஒரு மாணவரோ, அவரைவிட மோசமாக ஓர் ஆசிரியரோ படித்துவிடக் கூடாது. ஒரு வரி விளக்கமாவது சேர்த்துவிடுங்கள்.

ம. எழுதியது:

எனக்கும் சம்மதம். களைத்துவிட்டேன்.

புலவர் அ. எழுதியது:

எனக்குச் சம்மதம் இல்லை. ‘பொறு’ என்பது சுமத்தலும் தாங்குதலும். அதில் ஆராய்தலும் இல்லை, நம்புதலும் இல்லை. நம்பிக்கை இருந்தாக வேண்டும் என்று தொடங்கிய மருத்துவரே, அது இல்லாத சொல்லில் வந்து நிற்கிறார். பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். சொல்லடைவில் மட்டுமாவது ‘தேறுபணி: காண்க, பொறுப்பளிக்கத்தக்க பணி’ என்று ஒரு வரி சேர்க்க முடியுமா?

செ. எழுதியது:

ஐயா, சொல்லடைவு நேற்றே அச்சகத்துக்குப் போய்விட்டது. மருத்துவர் கேட்ட விளக்க வரியை 84-ஆம் பக்கத்தின் அடிக்குறிப்பில் சேர்த்துவிட்டேன். அதில் ‘தேறி விடுதல்’ என்று தங்கள் வேர் ஒரு முறை வருகிறது. மெய்ப்புப் பார்ப்பவர் அதை ‘தேறிவிடுதல்’ என்று திருத்திவிடாமல் இருக்க வேண்டும்.